தட்டில் தீட்டிய தேசபக்தி: ஏற்றுமதி மட்பாண்டங்களும் திருகோணமலைத் துறைமுகமும்

1

மட்பாண்டம் வரலாற்றாய்வின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடற்பகுதிப் பாண்டத் துண்டுகளைக் கொண்டு தமிழகத்தின் பண்டைய வணிகத் தொடர்புகள் ஆராயப்பட்டன. அல்லைப்பிட்டியிலே கண்டெடுக்கப்பட்ட சொங் காலச் சீனப் பாண்டங்கள், யாழ்ப்பாணக் கரையோரம் கீழைக் கடல் வாணிபத்திற் பெற்றிருந்த இடத்தை உணர்த்தின. எனினும் ஒரு குறைபாடு கண்கூடு. பாண்டம் எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு அதன் மீது நமது ஆர்வம் மிகுகின்றது. காலம் அண்மையை நோக்கி நகர நகர, அதே பாண்டம் ஆய்வாளனின் கையிலிருந்து பழம்பொருள் வணிகனின் கைக்கு மாறிவிடுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பீங்கான் தட்டு அலங்காரப் பொருளாகவோ விலைப் பொருளாகவோ மதிக்கப்படுகின்றதேயன்றி, ஒரு சமுதாய உறவின் ஆவணமாக நோக்கப்படுவதில்லை.

இக்கட்டுரை அத்தகைய தட்டுகளுள் ஒரு குறிப்பிட்ட வகையை எடுத்துக்கொள்கின்றது. ஒரு நாட்டின் தொழிற்சாலையிலே செய்யப்பட்டு, வேறொரு நாட்டு மக்களுக்கு விற்கப்பட்டு, வாங்குவோரின் தேசபக்தியையே அலங்காரமாகத் தாங்கி நின்ற பாண்டங்கள் அவை. அவற்றிற்கும் திருகோணமலைக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுதல் இயல்பு. பாண்டத்திலே முகம் பொறிக்கப்பட்ட ஓர் இளவரசனின் கையொப்பமே 1795ஆம் ஆண்டில் இத்துறைமுகத்தின் கதவைத் தட்டியது என்பதே நமது விடை. அதனை நிறுவுவதற்கு முன் பாண்டத்தின் உற்பத்தி முறையை நோக்குதல் அவசியமாகும்.

2

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியச் சந்தையில் சீனப் பீங்கானும், அதனைப் பின்பற்றி ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரிலே செய்யப்பட்ட நீலச் சித்திரப் பாண்டங்களுமே உயர்ந்தனவாகக் கருதப்பட்டன. இங்கிலாந்தின் குயவுத் தொழில் இந்நிலையை மாற்றியது. வெண்ணிறக் களிமண்ணோடு, சுட்டுப் பொடித்த தீக்கல்லைக் கலந்து வனைந்து, ஈய மெருகு பூசிச் சுட்ட பாலாடை நிறப் பாண்டம், இலேசானதாகவும் மலிவானதாகவும் அமைந்தது. ஸ்டபோர்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த யோசையா வெட்ஜ்வூட் 1760களில் இதனைச் செம்மைப்படுத்தி, அரசியின் பெயரால் விளம்பரஞ் செய்தார். 1770இல் நிறுவப்பட்ட லீட்ஸ் மட்பாண்டத் தொழிற்சாலை 1783இல் வெளியிட்ட மாதிரிப் படங்களின் தொகுப்பு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் அச்சிடப்பட்டது. விலைப்பட்டியல் பிற மொழிகளிலே அச்சாகிறது என்றால், உற்பத்தி தொடக்கத்திலேயே பிற நாட்டுச் சந்தையைக் கருத்திற் கொண்டு நிகழ்கிறது என்பதே பொருள்.

இதனோடு ஒட்டிய மற்றொரு மாற்றம் சித்திரத்தைப் பற்றியது. செப்புத் தகட்டிலே செதுக்கிய படத்தை மையிட்டு மெல்லிய தாளில் ஒற்றி, அத்தாளிலிருந்து பாண்டத்தின் மேற்பரப்புக்கு மாற்றும் முறை லிவர்ப்பூலிலே வளர்ச்சியுற்றது. 1756ஆம் ஆண்டில் சாட்லர், கிறீன் என்னும் இருவர் ஆறு மணி நேரத்தில் 1200க்கு மேற்பட்ட ஓடுகளை இம்முறையால் அச்சிட்டதாகச் சத்தியக் கடதாசி அளித்தனர். தூரிகை பிடித்த கைவினைஞன் நாட்கணக்கில் செய்த வேலையைப் பொறி சில மணி நேரத்திற்கு ஒடுக்கியது. ஆயின் நேரம் குறைந்தமை இதன் ஒரு விளைவு மட்டுமே. ஒரு தகட்டை மாற்றினாற் போதும். அதே பாண்டம் இன்னொரு நாட்டிற்கு, இன்னொரு கட்சிக்கு, இன்னொரு வீரனுக்கு உரியதாகிவிடும். உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கப்பட்டு, உள்ளடக்கம் எளிதில் மாற்றத்தக்க உறுப்பாயிற்று.

இதன் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்கச் சந்தையாகும். பிரித்தானியாவை எதிர்த்துப் போரிட்டு விடுதலை பெற்ற ஐக்கிய அமெரிக்காவின் சின்னங்களை, அப்போரில் தோற்ற நாட்டின் குயவர்களே பாண்டங்களில் அச்சிட்டு அனுப்பினர். 1799 டிசம்பரில் வாஷிங்டன் இறந்ததும், அவரது மறைவுக்கு அமெரிக்கா கண்ணீர் சிந்தும் காட்சிகளைத் தாங்கிய குடங்கள் லிவர்ப்பூலிலிருந்து கப்பலேறின. 1812ஆம் ஆண்டுப் போரிலே பிரித்தானியக் கப்பல்களை வென்ற ஹல், டெக்கற்றூர், பெரி முதலிய அமெரிக்கத் தளபதிகளின் உருவங்களையும் பிரித்தானியப் பாண்டங்களே அமெரிக்க இல்லங்களுக்குக் கொண்டு சென்றன. ஸ்டபோர்ட்ஷயரில் வார்க்கப்பட்ட சிலைகள் சிலவற்றில் பெஞ்சமின் பிராங்கிளினின் உருவத்தின் கீழ் வாஷிங்டனின் பெயர் எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். செய்தவனுக்கு அவ்விருவரும் ஒருவரே. அவனது உழைப்பின் விலை அப்பெயரைப் பொறுத்து மாறவில்லை.

இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய இயல்பு அன்று. சீனாவின் கன்ரன் துறைமுகத்துச் சித்திரகாரர், அமெரிக்கப் படை அலுவலர் சங்கமாகிய சின்சினாற்றியின் பதக்கத்தைப் பீங்கானிலே தீட்டினர்; அத்தகைய பீங்கான் தொகுதியொன்றினை வாஷிங்டன் 1786இல் வாங்கினார். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டில், கிளாஸ்கோ நகரத்துப் பெல் நிறுவனம் தென்கிழக்காசியச் சந்தைக்கெனச் செய்த தட்டுகளின் அடிப்புறத்தில் மலாய்ப் பெயர்களை அரபு வரிவடிவிலே பொறித்தது. தேசபக்தி, சமயம், மொழி ஆகிய அனைத்தும் சந்தையின் முன்னிலையில் அலங்கார வகைகளாயின.

3

இனி ஒல்லாந்தை நோக்குவோம். டெல்வ்ற் நகரில் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ முப்பது மட்பாண்டத் தொழிலகங்கள் இயங்கின. நூறாண்டு கழியுமுன் அவற்றுட் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆங்கிலப் பாலாடை நிறப் பாண்டத்தின் மலிவே அவ்வீழ்ச்சிக்கு முக்கிய காரணமாகும். லீட்சிலிருந்தும் ஸ்டபோர்ட்ஷயரிலிருந்தும் சித்திரம் தீட்டப்பெறாத வெண்தட்டுகள் ஒல்லாந்துக்கு இறக்குமதியாயின. ஆங்குள்ள சித்திரகாரர் அவற்றின் மேல் வண்ணந் தீட்டிச் சூளையில் மீண்டும் சுட்டனர். தன் சொந்தக் களிமண்ணை இழந்த தொழில், பிறநாட்டுத் தட்டின் மேற்பரப்பிலே கூலி வேலை செய்யும் நிலைக்குத் தாழ்ந்தது.

அத்தட்டுகளிலே தீட்டப்பட்டவை எவை? விவிலியக் காட்சிகள் பல. அவற்றோடு 1787ஆம் ஆண்டை ஒட்டி மிகுதியாகத் தோன்றுவன, ஒறேஞ்சுக் குல இளவரசன் ஐந்தாம் வில்லியத்தின் உருவமும், அவன் மனைவியான பிரசிய இளவரசி வில்கெல்மினாவின் உருவமும், குலச்சின்னமாகிய காய்த்துக் குலுங்கும் தோடை மரமும் ஆகும். இவற்றின் அரசியற் பின்னணி கவனித்தற்குரியது. 1780 முதல் 1784 வரை நிகழ்ந்த ஆங்கில - ஒல்லாந்தப் போரில் ஒல்லாந்து தன் வணிகக் கப்பல்களையும் மதிப்பையும் பெருமளவு இழந்தது. இழப்புக்கு இளவரசனின் ஆங்கிலச் சார்பே காரணம் எனக் குற்றஞ்சாட்டிய நகரத்து நடுத்தர வர்க்கத்தினர் தம்மைத் 'தேசபக்தர்' என்றே அழைத்துக்கொண்டனர். அவர்களுக்கு எதிராக இளவரசனின் கட்சிக்கு ஆங்கிலத் தூதுவர் ஜேம்ஸ் ஹரிசின் வழியாகப் பணம் வந்தது. 1787 செப்டெம்பரில் பிரசியப் படை புகுந்து தேசபக்தரை முறியடித்து இளவரசனை மீண்டும் நிலைநிறுத்தியது.

ஆகவே தோடை மரத் தட்டின் பொருள் இருமடங்கு சிக்கலானது. ஒல்லாந்தனொருவன் தன் நாட்டுப்பற்றின் அடையாளமாக அதனை வாங்கிச் சுவரிலே மாட்டினான். அத்தட்டின் களிமண் ஆங்கிலேயருடையது. அதன் மலிவு டெல்வ்ற் நகரத்துத் தொழிலாளியின் வேலையைப் பறித்தது. அதிலே முகங்காட்டிய இளவரசனோ ஆங்கிலப் பணத்தாலும் பிரசியத் துப்பாக்கியாலும் ஆட்சியிற் காக்கப்பட்டவன். தேசபக்தி என்ற சொல்லையே எதிர்க்கட்சியினர் தமக்குரியதாக்கிக்கொண்ட வேளையில், நாட்டுப்பற்றின் சித்திரம் இறக்குமதிப் பண்டமாக நாட்டிற்குள் வந்தது. வாங்கியவன் ஏமாளி என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயின் அவனது உணர்வு பொய்யன்று. போரிலே தோற்ற, வணிகத்திலே நலிந்த ஒரு நாட்டில், பழைய குலத்தின் மீதான பற்று உண்மையான துயரத்தின் வெளிப்பாடாகவே இருந்தது. அந்தத் துயரத்தை உண்டாக்கிய அதே பொருளாதார ஆற்றல், அதற்குரிய ஆறுதலையும் செய்து விற்றது என்பதே இங்கு நாம் காண வேண்டிய முரண்பாடு.

4

இம்முரண்பாடு தட்டோடு முடிந்திருந்தால் அது கலை வரலாற்றின் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றிருக்கும். அது நமது கரைக்கு வந்தமையாலேயே இங்கு எழுதப்படுகின்றது.

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம், வங்காள விரிகுடாவில் பருவக்காற்றுக்கு அஞ்சாது பெரும் கப்பற்படை தங்கக்கூடிய அரிய இடமாகும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையிலே படைக்கப்பல்கள் நிற்க இயலாது. ஆகவே சென்னையையும் புதுச்சேரியையும் வைத்திருந்தோர் திருகோணமலையை விரும்பியமைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1782ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இதனை நன்கு புலப்படுத்தும். ஜனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பறித்தார். ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சவ்றேன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். செப்டெம்பர் 3ஆந் திகதி இருவரும் துறைமுகத்துக்கு வெளியே கடற்போர் புரிந்தனர். ஒரே ஆண்டிற்குள் மூன்று கொடிகள் ஏறின. 1784ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருகோணமலை ஒல்லாந்தரிடம் மீண்டது. நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கையில் எஞ்சியது. தமிழ் பேசும் கரைகள் இரண்டின் விதி ஐரோப்பாவின் ஒரு மேசையிலே பண்டமாற்றுச் செய்யப்பட்டது.

அதே 1784இல் பிரான்சின் புறொவென்ஸ் மாகாண அவை, தன் மண்ணின் மைந்தனாகிய சவ்றேனுக்குப் பதக்கமொன்று வார்ப்பித்தது. அதிலே பொறிக்கப்பட்ட சாதனைப் பட்டியலில், திருகோணமலை பிடிக்கப்பட்டது என்பதும் ஒன்று. நம் ஊரின் பெயர் பிறநாட்டுத் தேசபக்தியின் அலங்காரச் சொல்லாயிற்று. பின்னர் ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கைவினைத் தலைவரின் மேற்பார்வையிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்ட போர்க்கப்பலுக்குத் 'திருகோணமலை' எனப் பெயரிட்டனர். இந்தியத் தொழிலாளர் கையால் உருவாகிய அக்கப்பல் இன்று இங்கிலாந்தின் ஹாற்றில்பூல் நகரிலே காட்சிப் பொருளாக மிதக்கின்றது.

1795 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்துக்குள் புகுந்தன. நாடு கடந்திருந்த தேசபக்தர் திரும்பினர். பத்தாவியக் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகிலே இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றான். இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ மாளிகையிலிருந்து 1795 பெப்ரவரி 7ஆந் திகதி அவன் ஒல்லாந்தக் குடியேற்றங்களின் ஆட்சியாளருக்குக் கடிதங்கள் எழுதினான். பிரித்தானியப் படைகளை நட்பு நாட்டுப் படைகளாக ஏற்று, கோட்டைகளையும் துறைமுகங்களையும் அவர்களுக்குத் திறந்துவிடுமாறு அவை பணித்தன. தாயக ஆட்சியே கைமாறிவிட்ட பின், ஒரு முகத்தின் மதிப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட கட்டளை அது. லீட்சிலே வனைந்த தட்டில் அம்முகம் பெற்றிருந்த மதிப்பு எதுவோ, அதுவே கியூவிலே எழுதிய தாளிலும் இருந்தது. ஆங்கில மூலதனம் அதனைத் தட்டில் விற்றது. ஆங்கில அரசு அதனைக் கடிதத்திற் பயன்படுத்தியது.

அக்கடிதத்தை ஏந்தி, கேணல் ஜேம்ஸ் ஸ்ருவேட்டின் படையும் றேனியரின் கப்பல்களும் ஆகஸ்டுத் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வந்தன. கொழும்பிலே ஆளுநர் வான் அங்கல்பெக்கின் கந்தோர் தடுமாறியது. திருகோணமலைக் கோட்டைத் தலைவரோ படையை உள்ளே விட மறுத்தார். நட்பு நாட்டுப் படை உடனே பீரங்கிகளை இறக்கி முற்றுகையிட்டது. ஆகஸ்டு 26ஆந் திகதி கோட்டை சரணடைந்தது. 31ஆந் திகதி துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் வீழ்ந்தது. மறுவருடம் பெப்ரவரியில் கொழும்பும் கைவிடப்பட்டது. 1802இல் ஆமியன்ஸ் உடன்படிக்கை அனைத்தையும் சட்டமாக்கியது. இளவரசனின் பெயரால் பாதுகாப்பதற்கென வாங்கப்பட்ட திருகோணமலை இளவரசனிடம் ஒருபோதும் திரும்பவில்லை.

5

இவ்வரலாற்றில் இதுவரை தோன்றியவர் இளவரசர், தளபதிகள், தொழிலதிபர் ஆகியோரே. தட்டை வனைந்தவனும் துறைமுகத்திலே சுமை சுமந்தவனும் தோன்றவில்லை. அவர்களை நோக்காவிடின் நமது ஆய்வும் பழம்பொருள் வணிகனின் பார்வைக்கு அப்பாற் சென்றதாகாது.

'மூலதனம்' முதலாம் தொகுதியில் வேலைநாளைப் பற்றி எழுதிய மார்க்ஸ், ஸ்டபோர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிலை ஒரு முக்கிய சான்றாக எடுத்துக்கொண்டார். ஏழு வயது பத்து மாதத்திலே தொழிலுக்கு வந்து, ஒன்பது வயதிற் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை உழைத்த சிறுவனின் வாக்குமூலத்தை அவர் அதிலே எடுத்துக்காட்டியுள்ளார். தீக்கற்பொடி நுரையீரலை அரித்தது. ஈய மெருகு தோய்ப்போரின் உடலிலே நஞ்சாக ஊறியது. வாஷிங்டனோ வில்லியமோ, எவர் முகம் அச்சாயினும் தூசு ஒன்றாகவே இருந்தது.

திருகோணமலைப் பக்கத்தில் நிலைமை யாது? தோடை மரத் தட்டுகள் ஒல்லாந்து இல்லங்களை நிரப்பிய காலத்தை ஒட்டி, 1786இல், இங்கிருந்த ஒல்லாந்தத் தலைமை அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் ஆகிய பற்றுகளிலே சுற்றுப்பயணஞ் செய்து குறிப்பெழுதினார். குளங்கள், வயல்கள், ஊர்கள், குடிகள் ஆகியன அதிலே இடம்பெறுகின்றன. அவர் நோக்கம் பயிர்ச்செய்கையைப் பெருக்குவது. பயிர் பெருகினால் கோட்டைக்கு உணவு கிடைக்கும். இப்பற்றுகளின் உழவர்க்கு மட்பாண்டம் என்பது சோறு வடிக்கும் பானையும் குழம்புச் சட்டியும் தண்ணீர்க் குடமுமே. அவை ஊர்க் குயவரிடமிருந்து நெல்லுக்கு மாற்றாகப் பெறப்பட்டன. அவற்றில் எவர் முகமும் தீட்டப்படவில்லை. உடைந்தபின் மண்ணோடு மண்ணாயின. அருங்காட்சியகமும் அவற்றைத் தேடவில்லை.

நம் மொழியே இவ்வேறுபாட்டைப் பதிவுசெய்துள்ளது. பானை, சட்டி, குடம் என்பன தமிழ்ச் சொற்கள். பீங்கான் பாரசீக வழியாக வந்த சொல். கோப்பை போர்த்துக்கேயர் தந்தது. இவை பற்றிய கணக்கை எழுதிய கந்தோர் ஒல்லாந்தச் சொல். வனைதலும் சமைத்தலும் நமது சொற்களாகவும், இறக்குமதியும் எழுத்தாட்சியும் இரவற் சொற்களாகவும் அமைந்திருத்தல் தற்செயலன்று. சொல்வரலாறு இங்கு உற்பத்தி உறவுகளின் வரலாறாகவே விரிகின்றது.

6

நமது வாதத்திற்கு ஒரு மறுப்பு கூறப்படலாம். பண்டத்திலே பொறித்த உருவமெல்லாம் வணிகத் தந்திரம் எனின், உயர்ந்த இலட்சியங்களைத் தாங்கிய பொருள்களை எவ்வாறு விளக்குவது? 1787ஆம் ஆண்டிலே, தோடை மரத் தட்டுகள் பெருகிய அதே காலத்தில், வெட்ஜ்வூட் விலங்கிட்ட அடிமையொருவன் முழந்தாளிட்டு நிற்கும் பதக்கத்தை வெளியிட்டார். அடிமை வாணிபத்தை ஒழிக்கும் இயக்கத்திற்கு அது பேருதவி புரிந்தது. அதனை அவர் விற்கவில்லை, இலவசமாகவே வழங்கினார். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஒரே தொழில்நுட்பம் அடிமைத்தனத்துக்கு எதிரான உணர்வையும் பரப்பக்கூடும் என்பது உண்மை. ஆகவே நாம் உருவத்தைப் பழிக்கவில்லை. உருவத்தின் பின்னே இயங்கிய உறவு எது, அதனால் யாருடைய நிலை மாறியது என்று கேட்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. பதக்கம் மக்கள் இயக்கமொன்றின் கருவியாயிற்று. தோடை மரத் தட்டின் பின்னே அத்தகைய இயக்கம் எதுவும் இல்லை. இருந்தது ஓர் அரச குலத்தின் இருப்பை நீட்டித்த வல்லரசின் தேவை மட்டுமே.

இக்கேள்வி திருகோணமலைக்கு இன்றும் உரியது. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. மீண்டும் பிறர் போரிலே இவ்வூர் களமாயிற்று. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறி, தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. கொடி மாறியதை நாடு கொண்டாடியது நியாயமே. ஆயின் தளத்திலே உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அவர்களைப் பதவியாவில் குடியேற்றும் திட்டம் 1958ஆம் ஆண்டில் இனவாத எதிர்ப்புக்குள்ளாகி முறிந்தது. துறைமுகம் தேசத்தின் உடைமையான போது, துறைமுகத் தொழிலாளி தேசத்தவனாகக் கொள்ளப்படவில்லை. சிங்கள ஏழை உழவனும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே நிலத்துக்காக எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். அதே ஆண்டிலே மூண்ட வன்செயலையும், பின்னர் தசாப்தக் கணக்கில் நீண்ட போரையும் நினைவிற் கொண்டு நோக்கும்போது, தேசபக்தியின் சித்திரத்தை எவர் தீட்டுகின்றனர், எவர் விலை கொடுக்கின்றனர் என்னும் வினா வெறும் நூலறிவு வினாவன்று என்பது தெளிவாகும்.

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் பிரித்தானியர் போர்த்தேவைக்காகக் கட்டியவை. அவற்றைப் பற்றி 2022 ஜனவரியில் இலங்கைக்கும் இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கும் இடையே செய்யப்பட்ட ஒப்பந்தங்களைச் சூழ்ந்தும், ஆதரிப்போரும் எதிர்ப்போருமாகத் தேசநலன் என்ற சொல்லையே முழங்கினர். இதற்கிடையே இலங்கையும் பீங்கான் ஏற்றுமதி நாடாகியுள்ளது. மாத்தளையில் யப்பானிய மூலதனத்தோடு இயங்கிய தொழிற்சாலையின் தட்டுகள் உலகச் சந்தைக்குச் சென்றன. இப்போது நாமே பிறர் மேசைக்கான அலங்காரத்தைத் தீட்டுகின்றோம். இருநூறாண்டுகளுக்கு முன் லீட்சிலும் கன்ரனிலும் தூரிகையோ தாளோ பிடித்த கைகளோடு மாத்தளைத் தொழிலாளப் பெண்ணின் கையை இணைத்துப் பார்க்கும் ஆய்வு நமக்குத் தேவை.

திருகோணமலையின் வரலாறு இன்றுவரை பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவும் கோயிலின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. இரண்டும் வேண்டியனவே. அவற்றோடு, துறைமுகப் படுகைகளிலும் பழைய காவலரண்களின் அடியிலும் புதைந்துள்ள அன்றாடப் பாண்டத் துண்டுகளைத் தொகுத்து, இறக்குமதித் தட்டையும் ஊர்க் குயவன் சட்டியையும் ஒரே பட்டியலில் இடும் பணி மேற்கொள்ளப்பட வேண்டும். எந்தத் தட்டு யார் வீட்டிற் சென்றது, எந்தப் பானை எக்காலத்திற் கைவிடப்பட்டது என்பவற்றை அப்பட்டியல் நமக்குக் கூறும். பல்கலைக்கழக மாணவரும் ஊர்ப் பாடசாலை ஆசிரியரும் இணைந்து செய்யக்கூடிய பணி இது. தமிழ், சிங்கள, முஸ்லிம் கிராமங்கள் மூன்றிலும் ஒருங்கே செய்யப்படும்போதுதான் அது முழுமை பெறும். ஏனெனில் அடுப்பிலேறிய சட்டியின் வடிவம் அவற்றுள் எந்த ஊரின் எல்லையிலும் நின்றுவிடவில்லை.